ஓடைத் தண்ணீருக்கு ஃபில்டர் மட்டும் போதுமா?

கேள்வி: நாங்கள் நாலு பேர். பிப்ரவரியில் போனக்காடு வழியாக அகத்தியர்கூடம், மூன்று நாள். மே கடைசியில் உத்தராகண்டில் ஹர் கி தூன், ஆறு நாள். இரண்டிலும் வழியில் கிடைக்கும் தண்ணீரை நம்பித்தான் போகிறோம். 0.1 மைக்ரான் ஃபில்டர் ஒன்று வாங்கினால் வேறெதுவும் வேண்டாம் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். ஊரில் குளோரின் மாத்திரையே போதும் என்கிறார்கள். கொதிக்க வைப்பது, யூவி (புற ஊதா ஒளி) பேனா என்று வேறு வழிகளும் இருக்கின்றன. எதை எடுப்பது?

பதில்:

ஃபில்டரும் எடுங்கள், குளோரின் மாத்திரையும் எடுங்கள். முதலில் ஃபில்டர், அதன் பிறகு மாத்திரை. நம் ஊர் மலைகளில் இரண்டில் ஒன்றை மட்டும் நம்பிப் போவது பாதிக் குடை பிடிப்பது போலத்தான்.

நீங்கள் பார்த்த வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்கக் காடுகளை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. அங்கே நடைபாதைக்கு மேலே பெரும்பாலும் ஊர் கிடையாது. ஓடையில் மனிதக் கழிவு கலப்பது குறைவு. அவர்களுடைய கவலை எல்லாம் விலங்குகள் மூலம் வரும் ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளும் பாக்டீரியாவும்தான். அவற்றுக்கு 0.1 மைக்ரான் ஃபில்டர் கச்சிதமாகப் பொருந்தும். தண்ணீர் வழியாக நமக்கு வரும் வைரஸ்கள், அதாவது மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ, வாந்திபேதி தரும் நோரோ, ரோட்டா எல்லாம், முக்கியமாக மனிதக் கழிவிலிருந்து வருபவை. மேலே மனிதர் இல்லாத இடத்தில் அந்தக் கணக்கை விட்டுவிடலாம். நம் மலைகளில் அப்படி விட முடியாது. ஹர் கி தூன் பாதையே தாலுக்கா, கங்காட், ஓஸ்லா என்று கிராமங்களை ஒட்டித்தான் ஏறுகிறது. அகத்தியர்கூடத்தில் ஊர் இல்லை என்றாலும் அதே ஒற்றையடிப் பாதையில் சீசன் முழுக்கத் தினமும் ஆட்கள் போகிறார்கள், அதே ஓடைகளில் இறங்கிக் குளிக்கிறார்கள். வெள்ளியங்கிரியை நினைத்துப் பாருங்கள். பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, ஆண்டிச் சுனை என்று பெயர் சொல்லிக் குடிக்கிறோம். சீசனில் அந்தப் படிகளில் ஏறும் கூட்டம் எங்கே ஒதுங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை.

இனி அளவுக் கணக்கு. ஃபில்டரின் துளை 0.1 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஜியார்டியாவின் கூடு, அதாவது தண்ணீரில் அது அடைந்து கிடக்கும் கெட்டியான உறை, ஏறத்தாழ 10 மைக்ரான், கிரிப்டோ 4 முதல் 6 மைக்ரான், ஈ.கோலை, டைபாய்டு, காலரா வகை பாக்டீரியாக்கள் அரை மைக்ரானுக்குக் குறையாத தடிமன். இவை எல்லாம் துளைக்கு வெளியே நின்றுவிடும். ஹெபடைடிஸ் ஏ வைரஸ் 0.03 மைக்ரானுக்கும் கீழே. ரோட்டா 0.07 அளவில் இருக்கிறது. இவை பந்தலுக்குள் கொசு நுழைவது போல நுழைந்து வெளியே வரும்.

எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைரா இன்னொரு விஷயம். அது பாக்டீரியாதான். ஆனால் திருகு கம்பி போன்ற உடம்பு, நீளம் 6 முதல் 20 மைக்ரான், தடிமன் 0.1 மைக்ரான் மட்டுமே. நெளிந்து நெளிந்து 0.2 மைக்ரான் சல்லடையிலும் புகுந்துவிடும். மற்ற பாக்டீரியாவிலிருந்து இதைப் பிரித்தெடுக்க ஆய்வகங்களில் இந்தக் குணத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆகவே பெட்டியில் ‘99.9999 சதவீதம் பாக்டீரியா நீங்கும்’ என்று போட்டிருப்பதை இதற்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளக் கூடாது. கேரளத்தில் மழைக்காலம் வந்தாலே எலிக்காய்ச்சல் செய்தி வரும். மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகிறவர் மறக்கக் கூடாத பெயர் இது.

அப்படியானால் குளோரின் மட்டும் போதாதா? அதற்கும் ஓட்டை உண்டு. 25 டிகிரி வெப்பத்தில், தெளிந்த தண்ணீரில், லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் இருந்தால் ஈ.கோலை ஒரு நிமிடத்துக்குள் சாகும். ஹெபடைடிஸ் ஏ சுமார் 16 நிமிடம் தாங்கும். ஜியார்டியா சுமார் 45 நிமிடம். கிரிப்டோ? பத்து நாளுக்கு மேல். நீச்சல்குளத்தில் தொற்று பரவுவதற்கு இதுதான் பெரிய காரணம். கிரிப்டோ முக்கியமாக மாட்டுக் கன்று, ஆட்டுக்குட்டி சாணத்தில் வருவது. ஹர் கி தூன் இருக்கும் கோவிந்த் பசு விஹார் பகுதிக்குக் கோடையில் வன குஜ்ஜர்கள் எருமைகளை ஓட்டிக்கொண்டு ஏறுவார்கள், ஆட்டு மந்தைகளும் வரும், சாமான் சுமக்கும் கோவேறு கழுதைகள் தினமும் ஓடையைக் கடக்கும். மே கடைசி என்றால் எல்லாம் ஒரே நேரத்தில். அங்கே மாத்திரையை மட்டும் நம்புவது வீண்.

இப்போது ஜோடி ஏன் என்பது புரிந்திருக்கும். குளோரினுக்கு அடங்காத பெரிய கூடுகளை ஃபில்டர் பிடிக்கிறது. ஃபில்டரில் நழுவும் வைரஸையும் லெப்டோவையும் குளோரின் கொல்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. குளோரின் தன்னுடைய வேலையில் பாதியைத் தண்ணீரில் கிடக்கும் சருகுச் சாறு, மண், பாசி ஆகியவற்றோடு வினை புரிந்தே செலவழித்துவிடும். ஃபில்டரில் வந்த தண்ணீரில் அந்த விரயம் குறைவு, மாத்திரையும் குறைவாகப் போதும், நாற்றமும் குறையும். வரிசையை மாற்றி, மாத்திரை போட்ட தண்ணீரை ஃபில்டரில் விட்டால் இந்த லாபம் கிடைக்காது. பாட்டிலில் எஞ்சி நிற்கும் குளோரின் பிறகு கைபட்டு வரும் கிருமியையும் கவனித்துக்கொள்ளும். கொதிக்க வைத்த தண்ணீருக்கோ யூவி காட்டிய தண்ணீருக்கோ அந்தக் காவல் கிடையாது.

ஓடைக்கரையில் செய்யும் முறை

முதலில் எங்கே மொள்வது என்பது. பாதை ஓடையைக் கடக்கும் இடத்தில் மொள்ளாதீர்கள். எல்லோரும் கால் வைப்பது அங்கேதான். ஐம்பது அடியாவது மேலே ஏறி, தண்ணீர் பாறையிலிருந்து விழும் இடமாகப் பாருங்கள். சுனை என்றால் ஊற்று புறப்படும் வாய் எதுவோ அங்கே, கீழே தேங்கி நிற்கும் குட்டையில் வேண்டாம். யானைச் சாணம், காட்டுமாட்டுத் தடம் கிடந்தால் இன்னும் மேலே போங்கள், கூடவே இடத்தைச் சீக்கிரம் விட்டும் கிளம்புங்கள். தண்ணீருக்கு அவையும்தான் வரும். மேலே தேயிலை, ஏலக்காய்த் தோட்டம் இருந்தால் அந்த ஓடையையே தவிர்த்துவிடுங்கள். பூச்சிமருந்தை ஃபில்டரும் குளோரினும் கொதியும் எதுவும் செய்யாது. கரி ஃபில்டர் கொஞ்சம் பிடிக்கும், அதை நம்பி யாரும் குடிக்க வேண்டியதில்லை. மழை கொட்டி முடிந்த முதல் ஓரிரு மணி நேரம் ஓடை மலையின் அழுக்கையெல்லாம் அடித்துக்கொண்டு வரும், பொறுத்திருந்து எடுங்கள்.

சாயர் ஸ்க்வீஸ் போலப் பையில் மொண்டு அமுக்கி வடிக்கும் வகை ஃபில்டர் என்றால் கூடவே ஒரு பிளாஸ்டிக் பை வரும். அதன் வாய் குறுகல். ஆழமில்லாத ஓடையில் அமுக்கினால் பாதிகூட நிரம்பாது. அரை லிட்டர் பாட்டில் ஒன்றின் அடியை வெட்டி அதை மொள்ளும் குவளையாக வைத்துக்கொள்ளுங்கள், வேலை பத்து விநாடியில் முடியும். வெட்டிய குவளையின் வாயில் துவைத்த பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துப் போட்டு அதன் வழியாக ஊற்றினால் மணல், சருகு, புழு எல்லாம் நின்றுவிடும், ஃபில்டர் அடைபடுவது பாதியாகக் குறையும். துணியைக் குறைவாக மதிக்காதீர்கள். வங்கதேசக் கிராமங்களில் பழைய புடவையை மடித்துத் தண்ணீரை வடிகட்ட வைத்தபோது காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது என்று ரீட்டா கோல்வெல் குழுவின் ஆய்வு 2003-ல் வெளியானது. காலரா கிருமி நுண்ணிய நீர்ப்பூச்சிகளின் மேல் ஒட்டிக்கொண்டு வருவதால் பூச்சி நின்றால் கிருமியும் நின்றது. மலைக்காரருக்கு இன்னொரு காரணம்: ஓடையில் மிதக்கும் குட்டி அட்டைகள். வாய் வைத்து உறிஞ்சிக் குடிப்பவரின் மூக்குக்குள் புகுந்து வாரக்கணக்கில் தங்கும் ஓர் அட்டை வகை இமயத்து அடிவாரங்களில் உண்டு. துணி அதற்குப் போதும்.

பையை மாட்டி, ஃபில்டரைத் திருகி, நிதானமாக அமுக்குங்கள். துணி பிழிவது போல முறுக்க வேண்டாம், பை தையலில் கிழியும். இந்த வகை ஃபில்டரில் முதலில் கெடுவது எப்போதும் பைதான். மாற்றாக 28 மில்லிமீட்டர் வாயுள்ள குளிர்பான பாட்டில்கள் பெரும்பாலும் அதே மரையில் பொருந்தும். நம் ஊர்க் குடிநீர் பாட்டில் பலவற்றின் கழுத்து வேறு அளவு. வீட்டிலேயே மாட்டிப் பார்த்து, ஒழுகாத பாட்டில் எது என்று தெரிந்துகொண்டு போங்கள். பொருந்தாத மரையில் ஒழுகும் துளி நேராகச் சுத்தமான பாட்டிலுக்குள் விழும். அந்த ஒரு துளியே செய்த வேலை முழுவதையும் கெடுக்கும். அழுக்குப் பைக்குச் சிவப்பு நூல் கட்டி வையுங்கள். களைத்துப் போன மாலையில் எது அழுக்கு, எது சுத்தம் என்று கண்ணுக்குத் தெரியாது.

ஃபில்டர் மெதுவாகிவிட்டால் அமுக்கத்தைக் கூட்டாதீர்கள். கூட வரும் சிரிஞ்சில் சுத்தமான தண்ணீரை எடுத்து, வெளிவாய் வழியாக எதிர்த்திசையில் வேகமாக மூன்று நாலு தடவை அடியுங்கள். பழுப்புத் தண்ணீர் வந்து தெளியும். இதை அன்றன்று சாயங்காலமே செய்ய வேண்டும். சேறு காய்ந்து இழையில் ஒட்டிக்கொண்டால் பிறகு எளிதில் வராது. புது ஃபில்டரும் நெடுநாள் காய்ந்த ஃபில்டரும் முதலில் தண்ணீர் விடாமல் அடம் பிடிப்பது காற்றடைப்பினால். ஒரு மணி நேரம் ஊறவிட்டால் சரியாகும்.

மாத்திரையில் நடக்கும் தவறு

அக்வாடேப்ஸ் போன்ற மாத்திரைகளில் இருப்பது சோடியம் டைகுளோரோஐசோசயனுரேட். ஒரே பெயரில் பல அளவு விற்கிறது. ஒரு லிட்டருக்கான சின்ன மாத்திரையும் உண்டு, 20 லிட்டர் குடத்துக்கான 67 மில்லிகிராம் மாத்திரையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் அரை கிராம் குளோரின் மாத்திரையும் 20 லிட்டருக்கானதுதான். அட்டையைப் படிக்காமல் குடத்து மாத்திரையை ஒரு லிட்டர் பாட்டிலில் போட்டுவிட்டு, ‘நாற்றம் தாங்கவில்லை, மாத்திரையே மோசம்’ என்று சொல்பவர்கள் அதிகம். இருபது மடங்கு போட்டால் நாறத்தான் செய்யும்.

ஒரு லிட்டர் மாத்திரை கிடைக்காவிட்டால் குடத்து மாத்திரையை உடைத்துக் கணக்குப் பார்க்க வேண்டாம். ஒரு மாத்திரையை 200 மில்லி சுத்தமான தண்ணீரில் கரைத்து, இறுக்கமான மூடியுள்ள சின்ன பாட்டிலில், வெயில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். இருமல் மருந்து மூடியில் 10 மில்லி கோடு இருக்கும். லிட்டருக்கு ஒரு மூடி. கரைசலின் வீரியம் போய்க்கொண்டே இருக்கும், அதனால் அன்றன்று புதிதாகக் கரைக்க வேண்டும், மீந்ததை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. அந்தப் பாட்டிலின் மேல் பெரிதாக ‘குடிக்காதே’ என்று எழுதி ஒட்டுங்கள்.

போட்டு 30 நிமிடம். தண்ணீர் கைக்குச் சில்லென்று இருந்தால் ஒரு மணி நேரம், குளிரில் குளோரின் மந்தம். நேரம் முடிந்து மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். லேசாகக் குளோரின் வாடை இருக்க வேண்டும். இல்லையென்றால் போட்டதெல்லாம் அழுக்கிலேயே செலவாகிவிட்டது, இன்னொரு அளவு போட்டு மறுபடியும் காத்திருங்கள். இடையில் ஒரு சின்ன வேலை: மூடியை அரைச்சுற்று தளர்த்தி, பாட்டிலைக் கவிழ்த்து, மரைப் பகுதி முழுக்க மருந்துத் தண்ணீர் கசிய விட்டு மறுபடி இறுக்குங்கள். உதடு படுவது அங்கேதானே.

எலுமிச்சைச் சுவைத் தூள், வைட்டமின் சி கலந்த சத்து மாத்திரை எதுவானாலும் இந்த நேரம் முடிந்த பிறகே. வைட்டமின் சி குளோரினைக் கண்ட மாத்திரத்தில் செயலிழக்கச் செய்துவிடும். பாட்டிலை நிரப்பியதும் மாத்திரையையும் தூளையும் சேர்த்துப் போட்டுக் குலுக்குபவர் மருந்தே போடாத தண்ணீரைத்தான் குடிக்கிறார். நேரம் முடிந்த பிறகு போட்டால் அதே குணம் நாற்றத்தைப் போக்க உதவும்.

டிங்சர் அயோடின் வழியும் ஒன்று உண்டு. 2 சதவீதக் கரைசல் லிட்டருக்கு 5 சொட்டு, 30 நிமிடம். கையில் முதலுதவிப் பெட்டி மட்டும் இருக்கும்போது உதவும். தைராய்டு கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தொடக் கூடாது. கிரிப்டோவை இதுவும் அசைக்காது.

கொதிக்க வைப்பது

கிருமியைக் கொல்வதில் இதற்கு இணை கிடையாது. வைரஸ், பாக்டீரியா, கிரிப்டோ எல்லாம் ஒரே அடியில் போகும். தண்ணீர் தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. மலை மேலே சீக்கிரம் கொதித்துவிடும், அதனால் கிருமி சாகாது என்று ஒரு பயம் சுற்றுகிறது. 3,500 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரி அளவில் கொதிக்கும். பருப்பு வேகாது என்பது உண்மை. ஆனால் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் 70 டிகிரிக்கு மேலேயே தாக்குப் பிடிக்காதவை, 88-ல் மூன்று நிமிடம் தாராளம். ஆளுக்கொரு பத்து நிமிடம் கொதிக்க விடுவது எரிபொருளைக் காற்றில் விடுவதுதான்.

இடைஞ்சல் வேறு இடத்தில். தென்மலைகளில் காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் தீ மூட்டுவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த தீவிபத்துக்குப் பிறகு அடுப்பு என்ற பேச்சையே எந்த வனக்காவலரும் கேட்க மாட்டார். அகத்தியர்கூடத்தில் அதிருமலை முகாமில் இரவு தங்கும்போது சமையற்கட்டில் கேட்டு வெந்நீர் வாங்கலாம். அதைத் தவிரக் கொதி என்பது உங்கள் முதல் பயணத்துக்கு இல்லை.

ஹர் கி தூனுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றில்லாத இடத்தில் ஒரு லிட்டர் கொதிக்க 10 முதல் 15 கிராம் எரிவாயு. நாலு பேர், ஆளுக்கு 4 லிட்டர், ஆறு நாள்: 96 லிட்டர். ஒரு கிலோவுக்கு மேல், அதாவது 230 கிராம் கேன் ஐந்தாவது வேண்டும், சமையல் தனி. விமானத்திலும் ரயிலிலும் எரிவாயு கேன் கூடாது என்பதால் டேராடூனில் இறங்கித்தான் வாங்க முடியும். முகாம் ஏற்பாட்டாளரோடு போகிறீர்கள் என்றால் கதை வேறு. அவர்கள் எப்படியும் பெரிய அடுப்பு ஏற்றுவார்கள். இரவில் கொதிக்க வைத்த தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துத் தூங்கும் பைக்குள் வைத்தால் கால் சூடும் கிடைக்கும், காலையில் குடிக்கவும் ஆகும். சமையற்காரரிடம் ஒன்றை மட்டும் கேட்டு உறுதி செய்யுங்கள்: கொதித்த தண்ணீரா, வெறுமனே சூடு காட்டியதா என்று. சூட்டை ஆற்றப் பச்சைத் தண்ணீரைக் கலக்கும் பழக்கம் ஓட்டல்களிலேயே இருக்கிறது. சீரகமோ பதிமுகமோ (கேரளத்தில் குடிநீரில் போடும் சிவப்பு மரச்சீவல்) போட்டு நிறம் வந்திருந்தால் கொதித்திருக்கும் என்று முடிவு கட்டாதீர்கள்.

இமயத்தில் ஃபில்டருக்கு வரும் கேடு

குளிர். இந்த ஃபில்டர்களுக்குள் இருப்பது நூல் போன்ற குழல் இழைகள். தண்ணீர் தொட்ட இழை ஒருமுறை உறைந்தால் பனிக்கட்டி விரிந்து இழை வெடிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, தண்ணீர் முன்னைவிடச் சுகமாக வரும், கிருமியும் சேர்ந்து வரும். மே மாதத்திலும் 3,500 மீட்டரில் இரவு பூஜ்யத்தைத் தொடலாம். சாயங்காலம் உதறி, ஜிப் பையில் போட்டு, தூங்கும் பைக்குள் உங்களோடு படுக்க வையுங்கள். விடியற்காலை நடக்கும்போது சட்டைக்குள்.

உறைந்ததோ என்று சந்தேகம் வந்தால் ஒரு சோதனை. இழைகள் நன்றாக நனைந்திருக்கும்போது ஃபில்டரின் சுத்தமான பக்கத்து வாயில் வாய் வைத்து ஊதுங்கள். நல்ல நிலையில் இருக்கும் நனைந்த இழைத்துளை மனித மூச்சின் அழுத்தத்துக்குக் காற்றை விடாது, சுவரில் ஊதுவது போல இருக்கும். காற்று தாராளமாகப் போனால் இழை உடைந்திருக்கிறது. குப்பைக் கூடையில் போடுங்கள், காய வைத்துப் பார்க்கலாம் என்ற ஆசை வேண்டாம். கீழே பாறையில் பலமாக விழுந்த ஃபில்டருக்கும் இதே சோதனை.

அடுத்தது பனியாற்று வண்டல். பாறையைப் பனி அரைத்த மாவு அது, ஆற்றுத் தண்ணீரைப் பாலில் தண்ணீர் கலந்தது போல ஆக்கும். துணியில் நிற்காது, ஃபில்டரைச் சீக்கிரமே அடைத்துவிடும். பெரிய ஆற்றை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் விழும் சின்ன ஓடைகளில் மொள்ளுங்கள், பெரும்பாலும் அவை கண்ணாடி. வேறு வழியில்லாமல் ஆற்றில்தான் எடுக்க வேண்டும் என்றால் விடியற்காலையில் எடுங்கள். பகலில் வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் தண்ணீரும் கலங்கலும் கூடும்.

கலங்கலைத் தெளிய வைக்க இரண்டு பழைய சரக்கு உண்டு. படிகாரத்தைப் பொடித்து, 10 லிட்டருக்கு இரண்டு மிளகு அளவு போட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் ஐந்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, அசைக்காமல் ஒரு மணி நேரம் விட்டால் வண்டல் பஞ்சு பஞ்சாகச் சேர்ந்து அடியில் படியும். மேல் தண்ணீரை மட்டும் இறுத்து ஃபில்டருக்குக் கொடுக்கலாம். இன்னொன்று தேத்தாங்கொட்டை. கரடுமுரடான கல்லில் கொஞ்சம் தண்ணீர் விட்டு இழைத்துக் கலக்கினால் அதே வேலையைச் செய்யும். கலங்கிய நீரைத் தேற்றுவதால்தான் அந்தப் பெயரே. இரண்டும் தெளிவு தரும், கிருமிக்கு மருந்து அல்ல.

இந்த இடத்தில் செம்புப் பாத்திரக் கேள்வி வந்தே தீரும். செம்பில் இரவு முழுக்க வைத்த தண்ணீரில் பாக்டீரியா குறைவதை ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். அதற்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். ஜியார்டியா, கிரிப்டோ கூடுகளுக்கு அதை நம்ப வழியில்லை. நடந்துகொண்டே மொண்டு குடிக்கும் பயணத்துக்கு அது ஆகாது, எடையும் கூட.

மற்ற சாதனங்கள்

ஸ்டெரிபென் போன்ற யூவி பேனா ஒரு லிட்டரை 90 விநாடியில் முடிக்கும், வைரஸ், கிரிப்டோ இரண்டையும் சேர்த்து. வாடை கிடையாது. தண்ணீர் கண்ணாடி போல இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை, மண்துகளின் நிழலில் கிருமி ஒளிந்துகொள்ளும். பாட்டில் மரையில் ஒட்டிய துளிகளுக்கு வெளிச்சம் எட்டாது. பேட்டரி குளிரில் சோர்ந்துவிடும். இவ்வளவையும் தாண்டி ஒரு கண்ணாடிக் குழலை முதுகுப்பையில் ஆறு நாள் உடையாமல் தூக்க வேண்டும். அகத்தியர்கூடத்துக்குச் சரி, ஹர் கி தூனுக்கு இதை மட்டும் நம்ப மாட்டேன்.

கிரெய்ல் ஜியோபிரஸ் போன்ற அழுத்தும் பாட்டில் வைரஸையும் சேர்த்துப் பிடிக்கிறது, காத்திருப்பும் இல்லை. தனியாகப் போகிறவருக்கு நல்ல சாமான். உள்ளே மாற்றும் வடிகட்டி ஒன்று 250 லிட்டருக்கு வரும், ஒரு அழுத்துக்கு முக்கால் லிட்டருக்கும் குறைவு. நாலு பேருக்கு நாள் முழுக்க அழுத்திக்கொண்டிருக்கத் தோள் தாங்காது. உறிஞ்சிக் குடிக்கும் லைஃப்ஸ்ட்ரா வகை அவசரத்துக்கு ஆகும். அதில் வைத்துச் சேமிக்கவோ சமைக்கவோ முடியாது, வைரஸும் நிற்காது.

கையில் எதுவுமே இல்லாமல் மாட்டிக்கொண்டால் வெயில் இருக்கிறது. நிறமில்லாத பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த தண்ணீரை ஊற்றி, படுக்க வைத்து, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம். மேகமூட்டம் என்றால் இரண்டு நாள். பாட்டிலைச் செய்தித்தாளின் தலைப்பின் மேல் நிறுத்தி மேலிருந்து பார்த்தால் எழுத்து தெரிய வேண்டும், தெரியாத கலங்கலுக்கு இந்த வழி உதவாது.

என்ன வாங்குவது

குழல் இழை ஃபில்டர் ஒன்று, கூட ஒரு சிரிஞ்ச், ஒரு உபரிப் பை. ஃபில்டரின் எடை நூறு கிராமுக்குள். அகத்தியர்கூடத்துக்கு நாலு பேர், மூன்று நாள், ஆளுக்கு 4 லிட்டர்: 48 லிட்டர். ஒரு லிட்டர் மாத்திரை 60 போதும். ஹர் கி தூனுக்கு 96 லிட்டரில் முகாமில் கொதிப்பது போகப் பாதி என்று வைத்தாலும், ஃபில்டர் உறைந்து போகும் நாளை நினைத்து 100 மாத்திரை எடுங்கள், ஒரே பையில் வைக்காமல் இரண்டு பேரிடம் பிரித்து. காலாவதித் தேதி பாருங்கள். அட்டை ஓட்டையான மாத்திரை ஈரம் இழுத்து வீரியம் போயிருக்கும்.

இதோடு ஒரு சோப்புத் துண்டு. தண்ணீரில் இவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, கை கழுவாமல் எல்லோரும் ஒரே சிப்ஸ் பாக்கெட்டில் கை விட்டு வயிற்றுப்போக்கு வாங்குவது சாதாரணமாக நடக்கிறது. சானிடைசர் நோரோ வைரஸுக்கும் ஜியார்டியா கூட்டுக்கும் அவ்வளவாகக் கேட்காது, சோப்புதான். கழுவுவதையும் ஒதுங்குவதையும் ஓடையிலிருந்து 60 மீட்டர் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கீழேயும் யாரோ மொள்கிறார்கள்.

திரும்பி வந்த பிறகு நாள் கணக்கை மனதில் வையுங்கள். ஜியார்டியா ஒன்று இரண்டு வாரம் கழித்துத்தான் வயிற்றைப் பிடிக்கும். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில். மஞ்சள் காமாலை மாதம் ஒன்று, சில சமயம் இரண்டும் ஆகும். அப்போது யாரும் மலைத் தண்ணீரை நினைக்க மாட்டார்கள். காய்ச்சலோ கண் மஞ்சளோ வந்தால் எந்தத் தேதியில் எங்கே போனீர்கள், ஓடையில் இறங்கினீர்களா என்பதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் காலில் உள்ள கீறல் வழியாகவும் ஏறும், அதற்கு எந்த ஃபில்டரும் பொறுப்பில்லை. குழுவில் கர்ப்பிணி இருந்தால் ஹெபடைடிஸ் ஈ அவருக்கு உயிராபத்து. அவருடைய தண்ணீரைக் கொதிக்க வைத்தே கொடுங்கள், அது முடியாத பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

பிப்ரவரிப் பயணம் முடிந்ததும் ஃபில்டரை அப்படியே மூட்டை கட்டி மே வரை போட்டுவிடாதீர்கள், உள்ளே பூஞ்சை பிடிக்கும். சிரிஞ்சில் நாலைந்து தடவை எதிர்த்திசையில் அடித்து, குடத்து மாத்திரை ஒன்றை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைத்து அதையும் உள்ளே ஓட்டி, அரை மணி ஊறவிட்டு, உதறி, நிழலில் ஒரு வாரமாவது காய வையுங்கள். உங்கள் வீட்டுத் தண்ணீர் உப்பாக இருந்தால் கழுவுவதற்குக் கேன் தண்ணீர் பயன்படுத்துங்கள், உப்புப் படிவு இழையை அடைக்கும். மேயில் எடுக்கும்போது ஓட்டம் மந்தமாக இருந்தால் வினிகரில் அரை மணி ஊற வைத்து, நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். கிளம்புவதற்கு முந்தைய நாள் பார்க்காமல் ஒரு வாரம் முன்பே பாருங்கள், வேறு வாங்க வேண்டியிருந்தால் நேரம் இருக்கும்.